தரையில் நடந்த கடற்போர்

எங்கள் பாட்டிக்கு யாரையாவது பாராட்டியாக வேண்டும், ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை என்றால் ஒரு சொல் வைத்திருந்தார். "அவளா? சரியான எம்டன் ஆச்சே!" எம்டன் ஒரு கப்பலின் பெயர் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. ஊர் பாதி காலியானது. கப்பலின் பெயர் தமிழில் ஒரு வசைச் சொல்லாக, கொஞ்சம் பாராட்டுச் சொல்லாகவும், தங்கிவிட்டது. அந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று தேடினால், மூட்டையும் பிள்ளையுமாக ஊரைவிட்டு ஓடும் கூட்டத்தில்தான் கிடைப்பார்கள்.

போர் வரலாற்றை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு புரிந்தது, மெட்ராஸைச் சுட்டது எம்டனுக்குக் கிளைவேலை. அதன் உண்மையான வேலை இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல்களைப் பிடிப்பதும் மூழ்கடிப்பதும். எதிரியின் கடற்படையோடு நேருக்கு நேர் மோதாமல், எதிரி நாட்டுக்குச் சோறும் எண்ணெயும் கொண்டுபோகும் கப்பல்களை ஒழித்தால் போதும் என்கிற உத்தி அது. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனி இதைத்தான் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கொண்டு பெரிய அளவில் செய்தது. இந்தக் கட்டுரை இரண்டாவது போரைப் பற்றியது. அதில் அந்த உத்தியை உடைக்க வழி தேடிய ஓர் அறையைப் பற்றியது. லிவர்பூல் நகரில் இருந்த அந்த அறையில் தரையில் மண்டியிட்டு, கையில் சாக்பீஸோடு, இருபது வயது ஒட்டிய பெண்கள் கடற்போர் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

போரில் பெண்கள் என்றதும் நமக்குச் சில படங்கள் தயாராக இருக்கின்றன. பாதிக்கப்பட்டவள், தாதி, காத்திருக்கும் மனைவி. கொஞ்சம் தாராள மனம் படைத்த புத்தகமாக இருந்தால் துப்பாக்கி ஏந்திய வீராங்கனை ஒருத்தி. இவை எல்லாமே உடல் சம்பந்தப்பட்ட படங்கள். காயப்படும் உடல், காயத்துக்குக் கட்டுப்போடும் உடல், ஆயுதம் தூக்கும் உடல். போரைப் பற்றி யோசித்த பெண், எதிரியின் மனத்துக்குள் புகுந்து கணக்குப் போட்ட பெண் இந்தப் பட்டியலில் இல்லை. வியூகம் என்பது ஆண்களின் மூளைக்குள் நடப்பது என்று நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

1940-க்குப் பிறகு பிரிட்டனின் நிலைமை இது. பிரான்ஸ் வீழ்ந்ததும் அதன் அட்லாண்டிக் கரைத் துறைமுகங்கள் ஜெர்மனியின் கைக்குப் போயின. போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் பொருட்களை இறக்குமதி செய்தது. 1942-இல் அதில் பாதிகூட வரவில்லை. ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ் போட்ட கணக்கு எளிமையானது. நேச நாடுகள் கட்டும் வேகத்தைவிட வேகமாகக் கப்பல்களை மூழ்கடிக்க வேண்டும். எந்தக் கப்பல், என்ன சரக்கு என்பது முக்கியமில்லை, டன் கணக்குதான் முக்கியம். 1942-இல் மட்டும் நீர்மூழ்கிகள் 60 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களை அழித்தன. 1940 ஜூலையிலிருந்து பிரிட்டனில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலைதான் ரேஷன். அந்தத் தேயிலையை அசாமிலும் இலங்கை மலைகளிலும் பறித்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் 'லாஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். டார்பிடோ பட்டால் முதலில் வெள்ளம் புகும் இடங்களில் எஞ்சின் அறையும் ஒன்று.

சரக்குக் கப்பல்கள் தனியாகப் போகாமல் நாற்பது, ஐம்பது என்று வரிசை வரிசையாகச் சேர்ந்து, சுற்றிலும் சில காவல் கப்பல்களோடு போவதற்குக் கான்வாய் என்று பெயர். காவல் கப்பல்களிடம் 'ஆஸ்டிக்' என்ற கருவி இருந்தது. ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதைக் கொண்டு மூழ்கியிருக்கும் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவி. 'மூழ்கியிருக்கும்' என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். அன்றைய நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் 7 நாட் வேகத்துக்கு மேல் போக முடியாது, அதுவும் கொஞ்ச நேரம்தான். மேலே மிதந்தபடி டீசல் எஞ்சினில் ஓடினால் 17 நாட். காவலுக்கு வந்த கார்வெட் வகைச் சிறு கப்பல்களின் வேகம் 16 நாட். அதனால் இரவில், மேலே மிதந்தபடியே, கூட்டமாக வந்து தாக்கினார்கள் ஜெர்மானியர்கள். ஆஸ்டிக்குக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். இருட்டில் தாழ்வாக மிதக்கும் அந்தக் கறுப்பு உருவம் கண்ணுக்கும் தெரியாது. துரத்தினாலும் பிடிக்க முடியாது.

கில்பர்ட் ராபர்ட்ஸ் காசநோய் காரணமாக 1938-இல் கடற்படையிலிருந்து ஓய்வுகொடுத்து அனுப்பப்பட்ட அதிகாரி. 1942 ஜனவரியில் அவரைத் திரும்ப அழைத்து லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்மாடியைக் கொடுத்தார்கள். அட்லாண்டிக் போர் முழுவதையும் நடத்திய தலைமையகம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. நீர்மூழ்கிகளை எப்படி எதிர்ப்பது என்று ஆராய வேண்டும், கப்பல் அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். மேற்கு அணுகுமுகத் தந்திரப் பிரிவு என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஆட்கள் வேண்டுமென்றால் எல்லா ஆண்களும் கடலில் இருந்தார்கள். ஆகவே பெண்கள் கடற்படைச் சேவையிலிருந்து பெண்களை அனுப்பினார்கள். அந்தச் சேவையின் ஆங்கிலச் சுருக்கத்தை ஒட்டி இவர்களை 'ரென்' என்று அழைப்பது வழக்கம். ரென் என்பது நம் தவிட்டுக் குருவியைவிடச் சிறிய ஒரு பறவை. செல்லப் பெயர்தான். ஆனால் ஒரு படைப்பிரிவுக்கு இப்படி ஒரு செல்லப் பெயர் வைக்கும்போது எவ்வளவு மரியாதை கழிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தவர்களில் ஜீன் லெயிட்லா கணக்கியல் பயிற்சி பெற்றவர், வயது 21. ஜேனட் ஓகெலுக்கு 19. போர்க்கப்பலில் நின்று ஒரு சண்டையைப் பார்த்த அனுபவம் இருவருக்கும் கிடையாது. பார்க்க அனுமதியும் கிடையாது.

அறையின் தரையைக் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, 10 அங்குலம் ஒரு கடல் மைல் என்று அளவு வைத்தார்கள். கான்வாய் தரையில் நகரும். சுற்றிலும் துணித் திரைகள். காவல் கப்பல்களின் தலைவர்களாக விளையாடும் அதிகாரிகள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சிறு துளை வழியே மட்டும் பார்க்கலாம். இரவில் ஒரு கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நிமிடம் அவகாசம். என்ன செய்யப்போகிறாய் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போய்த் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டுத் தரையில் கோடு இழுப்பவர்கள் ரென்கள். காவல் கப்பலுக்கு வெள்ளைக் கோடு. நீர்மூழ்கிக்குப் பச்சைக் கோடு, ஏனென்றால் துளை வழியே பார்க்கிறவர்களுக்குப் பச்சை அந்தத் தரையில் எடுப்பாகத் தெரியாது.

இதைக் கோலத்தோடு ஒப்பிட எனக்கும் கை துறுதுறுக்கிறது. வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறேன். குனிந்து தரையில் செய்கிற வேலை என்றதுமே அதைப் பெண்ணின் அழகுக் கலையாக மாற்றிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே நடந்தது கோண அளவும் கால அளவும் வைத்துச் செய்த கணக்கு வேலை. தப்பாகக் கணக்கிட்டால் அதைக் கற்றுக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் சாவார்கள்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, கான்வாயின் நடு வரிசையில் இருக்கும் கப்பல் எப்படி அடிபடுகிறது என்பது. நீர்மூழ்கி தூரத்தில், கான்வாய்க்கு வெளியே நின்று சுடுகிறது என்பது கடற்படையின் நம்பிக்கை. அதனால் ஒரு கப்பல் தீப்பிடித்ததும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கமாகப் பாய்ந்து தேடின. இந்த முறைக்கு 'பட்டர்கப்' என்று பெயர். புகழ்பெற்ற ஜானி வாக்கர் என்ற தளபதி வகுத்தது, அப்போது எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் வாக்கர் காத்துவந்த கான்வாய் ஒன்றின் சண்டையை ராபர்ட்ஸும் லெயிட்லாவும் ஓகெலும் தரையில் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் வெளியே நின்று சுட்டதாக வைத்தால் கோடுகள் பொருந்தவில்லை. சுட்டவன் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

உள்ளே எப்படி வந்தான்? பின்னாலிருந்து. கப்பலில் காவல் நிற்பவர்களின் கண் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும். கான்வாயைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடக்கூடிய நீர்மூழ்கி பின்பக்கமாக இருட்டில் மிதந்து வந்து, இரண்டு வரிசைகளுக்கு நடுவே புகுந்து, கிட்டத்திலிருந்து சுட்டுவிட்டு மூழ்கிவிடுகிறது. பிறகு அசையாமல் ஆழத்தில் கிடந்தால் போதும், கான்வாய் அதன் தலைக்கு மேலாகக் கடந்து போய்விடும். காவல் கப்பல்களோ வெளியே திக்குத்தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும். ஒட்டோ கிரெட்ஷ்மர் என்ற ஜெர்மானியத் தலைவர் 1940-லேயே இப்படி உள்ளே புகுந்து சுடுவதில் பேர்பெற்றவர். அந்தத் தகவலிலிருந்து ஒரு பதில் தந்திரம் லிவர்பூலின் தரையில்தான் உருவானது.

பதில், காவல் கப்பல்கள் வெளியே ஓடக் கூடாது என்பது. கான்வாய் கடந்துவந்த தண்ணீரை, அதன் பின்பக்கத்தை, வரிசையாக வளைத்துத் தேட வேண்டும். இப்போது நீர்மூழ்கி மூழ்கியிருக்கிறது, ஆகவே ஆஸ்டிக்குக்குத் தெரியும். பார்க்கப்போனால் இது எளிமையான யோசனை. ஆனால் கப்பல்கள் எரியும்போது, ஆட்கள் தண்ணீரில் கத்தும்போது, தாக்குதல் நடந்த இடத்திலிருந்து விலகி, ஒழுங்காக வரிசை கட்டித் தேடு என்று சொல்வது எளிதல்ல. இந்தத் தந்திரத்துக்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தவர் லெயிட்லா. ஆங்கிலத்தில் ராஸ்பெரி ஊதுவது என்றால் நாக்கை நீட்டி வாயால் 'புர்ர்' என்று சத்தமிட்டு ஒருவரைக் கேலி செய்வது. ஹிட்லருக்குக் காட்டிய பழிப்பு அது. அட்லாண்டிக் தலைமைத் தளபதி பெர்சி நோபிள் நம்பிக்கையில்லாமல்தான் மாடி ஏறி வந்தார். தரையில் நடத்திக் காட்டியதைப் பார்த்து மனம் மாறி, அந்தத் தந்திரத்தைக் கப்பல்களுக்கு அறிவிக்கச் செய்தார். பிற்பாடு வந்த தந்திரங்களும் 'பைனாப்பிள்' என்று பழப் பெயர்களாகவே தொடர்ந்தன.

1942 பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கின. வாரம் ஆறு நாள். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்தார்கள். 66 ரென்கள் அங்கே வேலை செய்தார்கள். தாடியும் பதக்கமுமாக, பல குளிர்காலங்களை அட்லாண்டிக்கில் கழித்தவர்கள் திரைக்குப் பின்னால் திணறிக்கொண்டிருக்கும்போது, சீட்டு வாங்க வந்த பெண் மெதுவாகக் குனிந்து, இந்தப் பக்கம் திரும்பலாமே ஐயா என்பதுபோல் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவாள். எல்லாத் தாக்குதலையும் நூறு முறை ஆடிப் பார்த்தவள் அவள். ஆனால் அந்த அறிவை ஒரு வேண்டுகோளைப்போல, பணிவான குரலில்தான் தர முடியும். இந்தப் பாவனை நமக்குப் புதியதா என்ன? அலுவலகத்தில் மேலதிகாரிக்கு அவருடைய யோசனை மாதிரியே தோன்றும்படி நம் யோசனையைச் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

1942 நவம்பரில் நோபிளுக்குப் பதிலாக மாக்ஸ் ஹார்ட்டன் வந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவராகப் பெயர் வாங்கியவர். இந்த விளையாட்டில் தானே நீர்மூழ்கியாக ஆடுகிறேன் என்று உட்கார்ந்து ஐந்து முறையும் தோற்றார் என்று சொல்லப்படுகிறது. தன்னைத் தோற்கடித்தது யார் என்று அவர் பார்க்கக் கேட்டபோது கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் ஜேனட் ஓகெல். இந்தக் கதையைப் பல இடங்களில் ஒரு வேடிக்கையாகவே சொல்கிறார்கள். கிழச் சிங்கத்தைச் சிறுபெண் மடக்கினாள் என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர மனமில்லை. ஒரு வருடமாகத் தினமும் அதே வேலையைச் செய்துவந்த ஒருவர், அதை அன்றுதான் முதல்முறை செய்த ஒருவரை வென்றதில் என்ன வேடிக்கை இருக்கிறது? வென்றவர் ஆணாக இருந்தால் அதைத் தேர்ச்சி என்று சொல்லியிருப்பார்கள்.

1943 மே மாதம் போர் திரும்பியது. ஓ.என்.எஸ். 5 என்ற கான்வாயைப் பெரிய நீர்மூழ்கிக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட கப்பல்கள் போயின, ஆனால் தாக்க வந்தவர்களும் 6 நீர்மூழ்கிகளை இழந்தார்கள். பெல்ஃபாஸ்ட் தலைமையகத்தில் கான்வாய்களின் நகர்வை வரைபடத்தில் குறித்துவந்த ரென் அதிகாரி கிறிஸ்டியன் ஓல்டம். அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர் ஓரிபி என்ற காவல் கப்பலில், அந்தக் கான்வாயில் இருந்தார். கணக்கைச் சரியாகக் குறித்தபடியேதான் அந்த இரவுகளை ஓல்டம் கடத்த வேண்டியிருந்தது. காத்திருக்கும் பெண் என்ற பழைய படத்தையும் போர் அறைப் பெண் என்ற புதிய படத்தையும் தனித்தனியாக மாட்டிவைக்க முடியாது என்று காட்டுவதாலேயே அவரை இங்கே சொல்கிறேன். அந்த மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் கூட்டங்களை விலக்கிக்கொண்டார்.

இந்த வெற்றியை லிவர்பூல் அறைக்கே எழுதிக்கொடுத்தால் அது பொய்யாகும். புது வகை ராடார், ரேடியோ சமிக்ஞையை வைத்துத் திசை காணும் கருவி, நெடுந்தூரம் பறந்த லிபரேட்டர் விமானங்கள், சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள், பிளெட்ச்லி பார்க்கில் உடைக்கப்பட்ட ரகசியக் குறியீடுகள் எல்லாம் சேர்ந்து வந்த வெற்றி அது. ஆனால் கருவி கையில் கிடைத்தால் மட்டும் போதாது. ராடாரில் ஒரு புள்ளி தெரிந்தால் ஆறு கப்பல்களில் எது எங்கே திரும்ப வேண்டும் என்று, ஒருவரையொருவர் கேட்காமலே ஆறு தலைவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாடம் படித்தவர்களுக்கு அது தெரிந்தது. போர் வரலாறுகள் கருவிகளுக்கு அத்தியாயம் கொடுக்கும், தளபதிகளுக்கு அத்தியாயம் கொடுக்கும். பயிற்சி என்பது பள்ளிக்கூட விவகாரம், அதற்கு ஒரு பத்தி போதும் என்று விட்டுவிடும்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. ரென்களைச் சேர்க்க வெளியிட்ட சுவரொட்டி, நீ சேர்ந்தால் ஓர் ஆண் கடலுக்குப் போகலாம் என்று சொன்னது. பெண்ணின் வேலைக்குத் தனி மதிப்பில்லை, அவள் விடுவிக்கும் ஆணின் மதிப்புதான் அவள் மதிப்பு. சம்பளம் அதே நிலையில் உள்ள ஆணின் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கடற்படை ஒழுங்குச் சட்டத்துக்குள் இந்தப் பெண்கள் சேவை 1977 வரை வரவே இல்லை. தரைப்படையிலும் இதே கதை. விமான எதிர்ப்புப் பீரங்கி நிலையங்களில் பெண்கள் எதிரி விமானத்தின் உயரத்தை அளந்தார்கள், குண்டு எங்கே வெடிக்க வேண்டும் என்று கணித்தார்கள். பீரங்கியை வெடிக்கும் வேலை மட்டும் ஆணுடையது. போர் செய்வது என்றால் என்ன என்கிற கோட்டை, பெண்கள் எட்டிப்பிடித்த இடத்துக்கு அடுத்த அடியில் வரைந்துகொண்டே போயிருக்கிறார்கள்.

சரி, அந்தக் கோட்டைத் தாண்டியதைக் கொண்டாடுகிறோமா? இந்தக் கட்டுரையை எழுதும்போது என்னை விடாமல் தொந்தரவு செய்த கேள்வி இது. அந்தத் தரையில் கற்ற பாடங்கள் ஆட்களைக் கொன்றன. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணியாற்றிய சுமார் 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. பலருக்கு ஓகெலின் வயதுதான். எதிர்த்தது நாஜி அரசை என்பதால் நான் அந்த வேலையைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கப்பல்கள் யாருக்காகக் காப்பாற்றப்பட்டன என்று கேட்காமல் விடவும் மாட்டேன். ஹார்ட்டன் பொறுப்பேற்ற அந்தக் குளிர்காலத்தில், 1943 ஜனவரியில், சர்ச்சில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களைப் பெருமளவு குறைத்து அட்லாண்டிக்குக்கு மாற்றச் செய்தார். பிரிட்டனின் கையிருப்பு குறையக் கூடாது என்பது காரணம். அதே ஆண்டில் வங்காளத்தில் பஞ்சம். தானியம் அனுப்புங்கள் என்று டெல்லியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டபோது, கேட்டதில் ஒரு சிறு பங்குக்கு மேல் தர லண்டன் மறுத்தது. கப்பல் இல்லை என்பதே சொன்ன பதில். முப்பது லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. கணவனும் வீடும் போய், கல்கத்தா தெருக்களில் கஞ்சித் தண்ணீர் கேட்டு நின்ற பெண்களும், தரையில் கணக்குப் போட்ட லிவர்பூல் பெண்களும் ஒரே டன் கணக்கின் இரண்டு ஓரங்களில் இருந்தார்கள். ரென்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இன்று படிக்கிற நமக்குத் தெரியும். பெண்கள் போர் அறைக்குள் போனார்கள் என்ற வரலாற்றை எழுதும்போது, அந்த அறையின் கட்டங்களுக்குள் வராத கடல்களையும் எழுத வேண்டியிருக்கிறது.

போர் முடிந்தது. 1945 கோடையில் பிரிவு கலைக்கப்பட்டது. ரகசியக் காப்புக்குக் கையெழுத்திட்டிருந்ததால் அந்தப் பெண்கள் பேசவில்லை. பேசலாம் என்ற காலம் வந்தபோது கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ராபர்ட்ஸின் வாழ்க்கை வரலாறு 1979-இல் வந்தது. ரென்களை நடுவில் வைத்து எழுதிய சைமன் பார்க்கினின் புத்தகம் அதற்கும் நாற்பது ஆண்டு கழித்து, 2019-இல் வந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பெண்கள் பணிக்குச் செல்லத் தொடங்கியது 1990-இல்.

ராபர்ட்ஸ் பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1945 மே மாதம் அவர் ஜெர்மனிக்குப் போய், ஃபிளென்ஸ்பர்க்கில் நீர்மூழ்கிப் படையின் தலைமையகத்தைப் பார்த்தார். அங்கே ஓர் அறையில் அவருடைய புகைப்படம் மாட்டியிருந்தது, ஏதோ பத்திரிகையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. இவர்தான் உங்கள் எதிரி என்று அதன் கீழே எழுதியிருந்தார்களாம். படத்தில் அவர் மட்டும் இருந்தார்.